சொல்லிப் பார்த்துவிட்டுப் பாடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்: கிரகோரியன் பாடல்

சென்ற இதழில் கிரகோரியன் பாடல் பற்றி, அதாவது கத்தோலிக்கத் திருஅவையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்முறை பற்றி, இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பங்குப் பாடற்குழுவில் 19 ஆண்டுகளாகப் பாடியும் சொல்லிக்கொடுத்தும் வருகிறவள் என்ற அனுபவத்தில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பாடற்குழுவில் பன்னிரண்டு பேர். யாருக்கும் லத்தீன் தெரியாது. இசைக்குறிப்பு வாசிக்கவும் தெரியாது. வரும் உயிர்ப்புப் பெருவிழாவில் ஒரு முழுத் திருப்பலியை லத்தீனில் பாட ஆசைப்படுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

முழுத் திருப்பலி இந்த ஆண்டு வேண்டாம். உங்கள் ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ‘மிஸ்ஸா தே ஆஞ்ஜெலிஸ்’ என்கிற எட்டாம் திருப்பலி இசையின் (இந்தத் திருப்பலி இசைத் தொகுதிகளுக்கு எண் வரிசை உண்டு) குளோரியாவை, அதாவது வானவர் கீதத்தை, எடுத்தோம். வாரத்துக்கு இரண்டு நாள் என்று மூன்று மாதம் பயிற்சி. பெருவிழா அன்று குழு பிசிறில்லாமல் பாடியது. கீழே இருந்த மக்கள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார்கள். திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, “நல்லா இருந்தது கண்ணு, ஆனா நாங்க எந்த இடத்துல சேர்றதுன்னே தெரியல” என்றார். வானவர் கீதம் அவர்களும் சேர்ந்து பாட வேண்டியது. அதை அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு 1967இல் வந்த ‘முசிக்காம் சாக்ராம்’ என்ற திருவழிபாட்டு இசை அறிவுரையை எடுத்துப் படித்தேன். எதை முதலில் பாட வேண்டும் என்று அதிலேயே வரிசை இருக்கிறது. முதலில் குருவுக்கும் மக்களுக்கும் இடையிலான உரையாடல்கள், தூயவர், ஆண்டவர் கற்பித்த செபம். அடுத்த படியில் ஆண்டவரே இரக்கமாயிரும், வானவர் கீதம், உலகின் பாவம் போக்கும். வருகைப் பாடல், திருவிருந்துப் பாடல் எல்லாம் அதற்கும் அப்புறம். நாங்கள் இந்த ஏணியில் நடுவில் ஏறப் பார்த்திருந்தோம்.

அதனால் உங்கள் முதல் பாடம் ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ (ஆண்டவர் உங்களோடு இருப்பாராக) என்று குருவானவர் பாட, ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’ என்று எல்லோரும் பதில் பாடுவது. பத்து நிமிடத்தில் வந்துவிடும். பங்குத்தந்தை அதைப் பாடச் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். குருவானவர் வாசித்து மக்கள் பாடினால் அந்த உரையாடல் ஒட்டாது. அடுத்து, நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் குருவானவர் பாடும் தொடக்கவுரைக்கு முன்னால் வரும் மூன்று பதில்கள். அதற்குப் பிறகு பதினெட்டாம் திருப்பலி இசையிலிருந்து ‘சாங்க்துஸ்’, அதாவது தூயவர். தொடக்கவுரையின் ராகத்திலிருந்து அப்படியே பிறந்ததுபோல அது அமைந்திருக்கிறது. குருவானவர் முடிக்கிற இடத்தில் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள், நடுவில் கருவி எதுவும் சுருதி கொடுக்க வேண்டியதில்லை. அதே பதினெட்டில் இருக்கும் ‘ஆஞ்ஞுஸ் தேயி’ (உலகின் பாவம் போக்கும்) இன்னும் எளிது. மூன்று முறையும் ஒரே ராகம்.

இதற்கென்றே ஒரு சிறு புத்தகம் இருக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எல்லா ஆயர்களுக்கும் அனுப்பிய ‘யூபிலாத்தே தேயோ’. உலகில் எந்தப் பங்கிலும் மக்கள் சேர்ந்து பாடக்கூடிய குறைந்தபட்சத் தொகுப்பு அது. பதினாறாம் இசையின் கீரியே (ஆண்டவரே இரக்கமாயிரும்), நான் சொன்ன சாங்க்துஸ், ஆஞ்ஞுஸ் தேயி, ‘பாத்தெர் நோஸ்தெர்’ (ஆண்டவர் கற்பித்த செபம்), மாதா பாடலான ‘சால்வே ரெஜினா’, நற்கருணைப் பாடலான ‘தாந்தும் எர்கோ’ எல்லாம் அதில் உண்டு. எங்கள் பங்கில் அந்தப் புத்தகத்தின் பாதியைக் கற்க நான்கு ஆண்டு ஆயிற்று. அது மெதுவான வேகம் என்று நான் நினைக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் தாள் கொடுக்காதீர்கள். ஒரு வரியின் பொருளைச் சொல்லுங்கள். வரியை ராகமில்லாமல், செபம் சொல்வதுபோல, எல்லோரும் சேர்ந்து மூன்று தடவை சொல்லுங்கள். சொல் நாக்கில் பழகிய பிறகு நீங்கள் ஒரு தடவை பாடுங்கள். அவர்கள் திருப்பிப் பாடட்டும். திருப்பலிக்கு முன்னால் ஐந்து நிமிடம் போதும். எடுத்ததைத் தவக்காலம் முழுவதும் மாற்றாமல் பாடுங்கள். மூன்றாம் ஞாயிறு குழுவுக்கு அலுப்புத் தட்டும். மக்களுக்கு ஐந்தாம் ஞாயிறுதான் வாய் வரும். இன்னொன்று: குழுவில் நாலு பேரை மேலே நிறுத்தாமல் மக்கள் நடுவில் ஆங்காங்கே உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் தெளிவாகப் பாடினால் தயங்குகிறவரும் சேர்ந்துகொள்வார்.

கேள்வி: நான்கு கோட்டில் கறுப்புக் கட்டங்களாக இருக்கும் அந்தக் குறிப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கீபோர்டுக்கான ஐந்து கோட்டுக் குறிப்பு எனக்குத் தெரியும். அதற்கு மாற்றி எழுதிக்கொள்ளலாமா?

மாற்றாதீர்கள். ஐந்து கோட்டைவிட இது எளிது என்று இரண்டு வாரத்தில் நீங்களே சொல்வீர்கள்.

கோட்டின் தொடக்கத்தில் ஒரு சாவிக்குறி இருக்கும். ‘சி’ எழுத்துபோல இருந்தால் அந்தக் கோடு ‘தோ’. பக்கத்தில் ஒரு கட்டம் ஒட்டிக்கொண்டு வேறு வடிவில் இருந்தால் அது ‘ஃபா’. இரண்டிலும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சாவிக்குறி நிற்கும் கோட்டுக்கு நேர் கீழே இருப்பது அரைச் சுரம். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானே விழும். இந்த ‘தோ’வுக்கு நிலையான சுருதி கிடையாது. ச ரி க ம பாடுகிறவர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையில் ச வைத்துக்கொள்வது மாதிரிதான். உங்கள் மக்கள் கழுத்து நரம்பு புடைக்காமல் எட்டக்கூடிய இடத்தில் அந்தப் பாடலின் மிக உயர்ந்த சுரம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு தெரிந்தவர்கள்தான் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். தாளில் பார்த்த இடத்துக்கே விரல் போய்விடுகிறது.

கட்டங்களின் கூட்டுக்கு நியூம் என்று பெயர். தனிக் கட்டம் ஒரு சுரம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் ‘பெஸ்’. கீழே இருப்பதை முதலில் பாட வேண்டும். மேலிருந்து கீழே இறங்கினால் ‘கிளிவிஸ்’. கீழ், மேல், கீழ் என்றால் ‘தோர்குலுஸ்’. எல்லோரும் தவறு செய்கிற ஒன்று ‘பொர்ரெக்துஸ்’. அதில் தடித்த சாய்கோடு ஒன்று வரும். வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்தச் சாய்கோட்டின் இரண்டு முனைகள் மட்டுமே சுரம், மூன்றாவது சுரம் அதற்கடுத்து மேலே நிற்கும் கட்டம். வைர வடிவில் சாய்ந்து இறங்கும் குறிகளையும் வேகமாகப் பாட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வடிவம்தான் வேறு, நீளம் மற்றவற்றுக்குச் சமம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒதுங்கி நிற்கும் சின்ன அரைக்கட்டம். அது பாடுவதற்கல்ல. அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்கும் என்று முன்கூட்டியே காட்டுகிறது. கண் அடுத்த வரிக்குத் தாவும்முன் குரல் தயாராகிவிடும். பாடுகிறவன் மேல் எழுதியவனுக்கு எவ்வளவு அக்கறை, பாருங்கள்.

கோடு போட்டு எழுதும் இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரெஸ்ஸோ நகரத் துறவி குயிதோ. புனித திருமுழுக்கு யோவானுக்கான ஒரு லத்தீன் பாட்டில் ஒவ்வொரு அடியும் முந்தியதைவிட ஒரு சுரம் மேலே தொடங்குகிறது. அந்த அடிகளின் முதல் அசைகளை எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று பெயர் வைத்தார். உத் பிற்பாடு தோ ஆயிற்று; நீங்கள் கீபோர்டில் சொல்லும் தோ ரே மி அங்கிருந்து வந்ததுதான்.

கேள்வி: இதற்குத் தாளம் உண்டா? எங்கள் குழு பாடினால் சிலசமயம் மார்ச் மாதிரியும் சிலசமயம் இழவுப் பாட்டு மாதிரியும் ஆகிவிடுகிறது.

தாளம் கிடையாது, நடை உண்டு. அந்த நடையைச் சொல்லிடமிருந்து வாங்க வேண்டும். அதனால்தான் பாடும்முன் சொல்லிப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்கள் குழுவுக்கு நேர்ந்தது ஒரு காலத்தில் திருஅவை முழுவதற்கும் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெட்டிச் சுருக்கிய ராகங்களை ஒவ்வொரு சுரமாகச் சம்மட்டியால் அடிப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் சொலேம் என்ற இடத்தில் 1833இல் மறுபடி உயிர்பெற்ற ஆசீர்வாதப்பர் சபை மடத்தின் துறவிகள்தாம் இதை மாற்றினார்கள். பழைய கையெழுத்துப் படிகளைத் தேடி ஒப்பிட்டார்கள். 1889 முதல் அந்த மடத்து மொக்கெரோ அடிகளார் அவற்றின் ஒளிப்படங்களைத் தொகுதிகளாக வெளியிட்டார். ஒரே ஒரு பாடலை மட்டும் எடுத்து, வெவ்வேறு நாடுகளில் எழுதப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட படிகளில் அது எப்படி இருக்கிறது என்று அருகருகே அச்சிட்டுக் காட்டினார்கள். ராகம் ஒன்றுபோலவே இருந்தது. அந்த உழைப்பின்மேல்தான் 1908இல் வத்திக்கான் பதிப்பான ‘கிராதுவாலே ரொமானும்’ என்ற திருப்பலிப் பாடல் நூல் எழுந்தது.

சுரங்களை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக எண்ணிப் பாடுவது மொக்கெரோவின் வழி. பிற்பாடு அதே மடத்தைச் சேர்ந்த கார்தீன் அடிகளார், 10ஆம் நூற்றாண்டுப் படிகளில் கோடில்லாமல் எழுதிய நுண்குறிகளை ஆராய்ந்து, எங்கே விரைய வேண்டும், எங்கே நிதானிக்க வேண்டும் என்று அவையே சொல்கின்றன என்று காட்டினார். 1979இல் வந்த ‘கிராதுவாலே த்ரிப்லெக்ஸ்’ நூலில் கட்டக் குறிப்பின் மேலும் கீழும் அந்தப் பழைய குறிகள் இருக்கும். இரு வழிக்காரர்களுக்குள்ளும் வாதம் உண்டு. என் கருத்தைக் கேட்டால், புதிய குழு முதல் ஆண்டு எண்ணிப் பழகட்டும். பன்னிரண்டு பேர் ஒரே மூச்சாகப் பாட அது உதவும். ஒன்றுசேர்ந்த பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று: லத்தீன் சொல்லில் எந்த அசை அழுத்தமானது என்று பென்சிலால் குறியுங்கள். ‘தோமினுஸ்’ என்பதில் முதல் அசை. கடைசி அசை எப்போதும் மெல்ல இறங்க வேண்டும். நம் மொழியில் அழுத்தத்தைவிடக் குறில் நெடில்தான் முக்கியம் என்பதால் எல்லா அசையையும் ஒரே கனத்தில் பாடிவிடுகிறோம்; மார்ச் அங்கேதான் பிறக்கிறது. மூச்சு ஒரு சொல்லின் நடுவே போனால் யாரும் நிறுத்த வேண்டாம். மூச்சு வேண்டியவர் சத்தமில்லாமல் விலகி, எடுத்துக்கொண்டு, மெதுவாகச் சேரட்டும். நான்கு கோட்டையும் வெட்டி நிற்கும் முழுக்கோடு வந்தால் மட்டும் எல்லோரும் சேர்ந்து மூச்சு எடுங்கள்.

கேள்வி: லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

போதாது. ஆனால் எழுதிக் கொடுக்காமலும் முடியாது. நமக்கு இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு.

வசதி உயிரெழுத்தில். திருஅவை லத்தீனில் ஆ, எ, இ, ஒ, உ எல்லாம் நாம் சொல்வது போலவே திருகாமல் வரும். ‘ஆஞ்ஞுஸ்’ என்பதில் வரும் ஒலிக்காகப் பல மொழிக்காரர்கள் சிரமப்படுகிறார்கள். நமக்கு அதற்கென்று ஞ என்ற எழுத்தே இருக்கிறது.

ஆபத்து வல்லினத்தில். த என்று எழுதினால் சொல்லின் நடுவில் நாம் அதை மென்மையாகச் சொல்லிவிடுவோம். ‘தந்தை’ என்ற சொல்லில் இரண்டு த-வும் ஒரே ஒலியா, சொல்லிப் பாருங்கள். ‘எல்லாம் வல்ல’ என்ற பொருளில் நம்பிக்கை அறிக்கையில் வரும் ‘ஒம்னிபொத்தெந்தெம்’ என்ற சொல்லில் கடைசித் த கடினமாக வர வேண்டும். நம் வாய் அதை ‘தந்தை’யின் இரண்டாவது த ஆக்கிவிடும். மாறாக ‘தேயோ’ என்பதன் முதல் எழுத்து மென்மையாக வர வேண்டும். நாம் ‘தேன்’ என்பதுபோலச் சொல்வோம். நான் செய்வது இதுதான்: மென்மையாக ஒலிக்க வேண்டிய க, ச, த, ப எழுத்துகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுவிடுவேன். கோடு இல்லாதது எல்லாம் எங்கு வந்தாலும் கடினம். குழு ஒரு மாதத்தில் பழகிக்கொண்டது. கூடவே லத்தீன் எழுத்திலும் மேல்வரியில் கொடுங்கள். கண் மெல்ல மெல்ல அங்கே போகும். ‘எக்ஷெல்சிஸ்’ என்ற சொல்லை ‘எக்செல்சிஸ்’ என்று யாராவது பாடினால் அன்றைக்கே திருத்துங்கள். ஊறிவிட்டால் பிறகு கழற்ற முடியாது.

கேள்வி: இரண்டாம் வத்திக்கான் சங்கம் லத்தீனை எடுத்துவிட்டுத் தாய்மொழியைக் கொடுத்தது. நீங்கள் மக்களைப் பின்னால் இழுக்கிறீர்கள். புரியாத மொழியில் செபிப்பது எப்படிச் செபம்?

உங்கள் கோபம் மக்கள்மேல் உள்ள அன்பிலிருந்து வருகிறது என்று தெரிகிறது. ஆனால் உலக ஆயர்கள் கூடிய அந்தச் சங்கம் சொன்னது அப்படி இல்லை. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 54ஆம் எண்ணில், தாய்மொழிக்கு இடம் தரும் அதே இடத்தில், திருப்பலியில் தங்களுக்குரிய பகுதிகளை மக்கள் லத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க ஆவன செய்ய வேண்டும் என்கிறது. 116ஆம் எண்ணில், மற்றவை சமமாக இருக்கும்போது கிரகோரியன் பாடலுக்கு முதன்மை இடம் என்கிறது. சிறிய ஆலயங்களுக்காக எளிய ராகங்கள் கொண்ட நூல் வேண்டும் என்று 117இல் கேட்டது. 1967இல் ‘கிராதுவாலே சிம்ப்லெக்ஸ்’ வந்தது.

புரியாத மொழி என்ற உங்கள் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பொருள் தெரியாமல் பாடவே கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆறு சொல்லும் பத்துச் சொல்லும் உள்ள பகுதிகளை எடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ‘ஆஞ்ஞுஸ் தேயி’யில் மொத்தம் எத்தனை சொல்? தமிழில் வாழ்நாள் முழுவதும் சொல்லிவரும் அதே செபம். அல்லேலூயா, ஓசன்னா, ஆமென் மூன்றும் எபிரேயம்; அவற்றை யாரும் அந்நியம் என்பதில்லையே. மற்றபடி தமிழ்ப் பாடல்களைத் தள்ளிவிட்டு இதை வைக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். எங்கள் பங்கில் வருகைப் பாடலும் காணிக்கைப் பாடலும் தமிழில்தான்.

கேள்வி: இந்த ராகங்களைப் புனித பெரிய கிரகோரியார்தான் இயற்றினாரா?

இல்லை. அவர் 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்தவர். இந்தப் பாடல் தொகுதி உருப்பெற்றது 8, 9ஆம் நூற்றாண்டுகளில், உரோமையின் பாடல்முறை பிராங்க் மக்களின் நாட்டுக்குப் போய் அங்கே கலந்தபோது. புறா அவர் காதில் ராகம் சொல்வதாக வரும் ஓவியங்கள் பிற்காலத்தவை.

கேள்வி: கர்நாடக இசை கற்றவள் நான். இதில் கமகம் சேர்க்கலாமா?

கமகம் வேண்டாம். ஆனால் உங்கள் காது பெரிய சொத்து. இந்தப் பாடல்களைச் சுர அமைப்பை வைத்து எட்டு வகையாகப் பிரிப்பார்கள். ‘ரே’யில் முடியும் முதலாம் வகைப் பாடலில் உங்களுக்குக் கரகரப்பிரியாவின் சுரங்கள் கேட்கும், ‘சோல்’ வகையில் அரிகாம்போதி. முடியும் சுரம் எது, திரும்பத் திரும்ப நிற்கும் சுரம் எது என்று பிடித்துவிட்டால் எட்டு வகைகளும் பிடிபடும். சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பெண்கள் மட்டுமே உள்ள குழு இதைப் பாடலாமா? ஆர்கன் சேர்க்கலாமா?

தாராளமாகப் பாடலாம். 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட ஆவணம் பெண்களைப் பாடற்குழுவில் சேர்க்கவில்லை. 1967 அறிவுரை பெண்கள் மட்டுமே உள்ள குழுவையும் ஏற்றுக்கொண்டது. ஆர்கன் இல்லாமல் பாடுவதே எனக்குப் பிடிக்கும். மக்கள் சுருதி இறங்கினால் மெல்லிய தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வியாழன் வானவர் கீதம் முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரை, பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே கருவி என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: அம்மா இறந்தபோது, ஆலயத்திலிருந்து உடலைத் தூக்கிச் செல்கையில் ஒரு முதிய அருள்சகோதரி தனியாக ஏதோ லத்தீனில் பாடினார். ‘பாரதீசும்’ என்ற சொல் மட்டும் நினைவில் இருக்கிறது. அப்பாவுக்கும் வயதாகிவிட்டது. அதை நான் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும் சகோதரி. அது ‘இன் பாரதீசும்’. வானதூதர்கள் உன்னை விண்ணக வீட்டுக்கு அழைத்துச் செல்வார்களாக. நீ வரும்போது மறைசாட்சிகள் உன்னை வரவேற்று, தூய நகராகிய எருசலேமுக்குக் கூட்டிப்போவார்களாக. ஒருகாலத்தில் ஏழையாயிருந்த இலாசரோடு உனக்கு முடிவில்லா ஓய்வு கிடைப்பதாக. பொருள் இதுதான். இறந்தவரைப் பார்த்து, நீ என்று அழைத்துப் பாடும் பாட்டு. கிரகோரியன் தொகுதியில் எனக்கு இதைவிட நெருக்கமானது வேறில்லை. என் அப்பாவுக்கு நான் பாடியிருக்கிறேன்.

அசைக்கு ஒன்று இரண்டு சுரம்தான் பெரும்பாலும், கடினமில்லை. முதலில் ஒரு வாரம் ராகமில்லாமல் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து கற்காதீர்கள். நடந்துகொண்டே கற்றுக்கொள்ளுங்கள், பெட்டியைத் தூக்கிச் செல்கிறவர்களின் நடையில். அது நடக்கும்போது பாடுவதற்கென்றே உள்ளது. குரல் உடைந்தால் நிறுத்திவிட்டு நடங்கள். கூட இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள், அவர் தொடரட்டும். பாட்டு முடிந்தும் வண்டி வரை தூரம் இருந்தால், முதல் வரியிலிருந்து மறுபடி எடுங்கள்.